சூரியனைப் படம் பிடிக்கிற மலையில அஞ்சு நாள்

முதல் நாள், வியாழன்

கொடை ரோடு ஸ்டேஷன்ல விடியறதுக்கு முன்னாடியே இறங்கிட்டேன். பாண்டியன் எக்ஸ்பிரஸ்ல தூங்கிப் போய் மதுரை வரைக்கும் போயிருவோமோன்னு திண்டுக்கல்ல இருந்தே முழிச்சு உக்காந்திருந்தேன். பேர்லதான் கொடை இருக்கு, மலை அங்கேருந்து 80 கிலோமீட்டர். ஒரு டீ, அப்புறம் வத்தலக்குண்டு பஸ், அங்கேருந்து கொடைக்கானல் பஸ், ஜன்னலோரம் இடம் கிடைச்சுது.

சொந்த வண்டியில மலை ஏறறவங்க 2024 மே 7-லேருந்து இ-பாஸ் எடுக்கணும், ஹைகோர்ட் உத்தரவு. கவர்மெண்ட் பஸ்ல வர்றவங்களுக்கு வேண்டாம். செக்போஸ்ட்ல கார்க்காரங்க ஒவ்வொருத்தரா போனை நீட்டி பாஸைக் காட்டிக்கிட்டிருந்தாங்க, ஒருத்தருக்கு மட்டும் ஸ்க்ரீன்ல வட்டம் சுத்திக்கிட்டே இருந்துச்சு, பின்னாடி ஹாரன் சத்தம். ஒரு மலையோட வாசல்ல இன்னைக்கு ஒரு வெப் ஃபார்ம் நிக்குது, அதை எந்தப் போன்லயும் எந்த சிக்னல்லயும் திறந்தே ஆகணும்னு அப்பத்தான் மனசுல பட்டுச்சு.

எதுக்கு வந்தேன்னு சொல்லிடறேன். நான் வெப் டெவலப்பர். சென்னையில ஒரு கம்பெனியில அஞ்சு வருஷம், அப்புறம் தனியா. நடுவுல 2022-ல ஒரு நண்பனோட சேர்ந்து ட்யூஷன் சென்டர்களுக்கு ஒரு சாஃப்ட்வேர் பண்ணோம். ஃபீஸ் பாக்கி இருக்கிற வீட்டுக்கு தானா எஸ்எம்எஸ் போகும், யார் எவ்வளவு தரணும்னு ஒரே பக்கத்துல தெரியும். 14 மாசம் ஓடுச்சு, காசு கொடுத்து வாங்கினவங்க 11 பேர், மூடிட்டோம். அந்த 14 மாசத்துல தொழில் ஆரம்பிக்கிறது பத்தின புத்தகம் மட்டும் 31 படிச்சிருக்கேன், நோட்டுல கணக்கு இருக்கு. எங்களை ஆறு வாரம் முழுசா நிறுத்தி வச்ச விஷயம் அந்த 31-லயும் இல்ல. இந்தியாவுல கம்பெனி பேர்ல எஸ்எம்எஸ் அனுப்பணும்னா டிஎல்டின்னு டெலிகாம் கம்பெனிகள் வச்சிருக்கிற பதிவேட்டுல கம்பெனியைப் பதியணும், அனுப்புறவர் பேரைப் பதியணும், மெசேஜோட வாசகத்தையே டெம்ப்ளேட்டா கொடுத்து ஒப்புதல் வாங்கணும். இதைத் தெரிஞ்சுக்கிறதுக்கு புத்தகமே வேண்டாம், ஏற்கனவே எஸ்எம்எஸ் அனுப்பிக்கிட்டிருக்கிற ஒருத்தர்கிட்ட பத்து நிமிஷம் பேசியிருந்தா போதும். அதைவிடப் பெருசு, ஒரு ட்யூஷன் சார் பக்கத்துல உக்காந்து "இப்ப எப்படி சார் ஞாபகப்படுத்துறீங்க"ன்னு நாங்க முதல் தடவ கேட்டதே ஒன்பதாவது மாசம்தான். "வாட்ஸ்அப் குரூப்ல பேரைப் போட்டுருவேன் தம்பி, அரை மணி நேரத்துல அம்மாமார் கூப்பிட்டுருவாங்க"ன்னாரு. எனக்கு அன்னைக்கே தெரிஞ்சிருச்சு.

இப்ப மறுபடியும் ஏதாவது ஆரம்பிக்கணும்னு மனசு கிடந்து அடிச்சுக்குது. அதோட ஒரு கான்ஃபரன்ஸுக்கு பேச்சு சுருக்கம் அனுப்பணும், 300 சொல்லு, திங்கக்கிழமை ராத்திரி கடைசி. தலைப்புகூட முடிவாகல. பையில லேப்டாப், மூணு புத்தகம், ஒரு நோட்டு.

டம்டம் பாறைகிட்ட பஸ் கொஞ்சம் நின்னுச்சு. எதிர் மலையில தலையாறு அருவி, எலிவால் அருவின்னும் சொல்லுவாங்க, 297 மீட்டர் உயரத்துலேருந்து விழுது, இங்கேருந்து பாத்தா ஒரு வெள்ளை நூலைத் தொங்கவிட்ட மாதிரி அசையாம இருக்கு. அதுக்கப்புறம் காதடைச்சுது. ஊத்து, பெருமாள்மலை எல்லாம் தூக்கத்துலயே போயிருச்சு. மூஞ்சிக்கல்ல இறங்கி ரூம் போட்டு கம்பளியை இழுத்துப் போத்திப் படுத்ததுதான், சாயங்காலம் அஞ்சு மணிக்குத்தான் எழுந்தேன். இன்னைக்கு ஒரு வரிகூட எழுதல.

ரெண்டாம் நாள், வெள்ளி

காலையில ஏரியைச் சுத்தி நடந்தேன், சுத்தி வந்தா ஏறக்குறைய அஞ்சு கிலோமீட்டர். இது தானா உண்டான ஏரி இல்ல, மதுரை கலெக்டரா இருந்த லெவிஞ்ச் 1863-ல கரை போட்டு உண்டாக்கினது. காலை ஏழு மணிக்கு தண்ணி மேல புகை மாதிரி பனி, படகுகளை எல்லாம் கட்டிப் போட்டிருந்தாங்க, சுக்கு காபி விக்கிற அம்மா மட்டும் கடை திறந்திருந்தாங்க.

ரூமுக்கு வந்து டைமர் போட்டு உக்காந்தேன். 25 நிமிஷம் வேலை, அஞ்சு நிமிஷம் ஓய்வு. 1980-கள் கடைசியில இத்தாலியில பிரான்செஸ்கோ சிரிலோன்னு ஒரு மாணவர், சமையல்கட்டுல வைக்கிற தக்காளி உருவ டைமரை வச்சு ஆரம்பிச்சது, அதனாலதான் பொமோடோரோன்னு பேர், இத்தாலியன்ல தக்காளின்னு அர்த்தம். பில் போடறது, மெயிலுக்குப் பதில் போடறது, சின்னச் சின்ன பக் சரி பண்றது இதுக்கெல்லாம் எனக்கு இது நல்லா உதவியிருக்கு. ஆனா புதுசா ஒண்ணை யோசிக்கும்போது உதவல, இன்னைக்கும் அப்படித்தான், ஒரு பெரிய ப்ரோக்ராமோட மொத்த உருவத்தையும் தலைக்குள்ள ஏத்தி முடிக்கவே எனக்கு இருபது நிமிஷம் ஆகும், ஏத்தி முடிச்ச நேரத்துல மணி அடிச்சா என்ன பண்றது. ப்ரோக்ராமரும் முதலீட்டாளருமான பால் கிரகாம் 2009-ல எழுதின கட்டுரை ஒண்ணு இருக்கு, மேனேஜருக்கு ஒரு நாள்ங்கிறது ஒவ்வொரு மணி நேரமா வெட்டின துண்டு, செஞ்சு எடுக்கிறவங்களுக்கு குறைஞ்சது அரை நாள் ஒரே துண்டா வேணும், நடுவுல ஒரு மீட்டிங் வந்தா அந்த மத்தியானமே போச்சுங்கிறது அதோட சாரம். என் அனுபவத்துல இது நூத்துக்கு நூறு சரி. தனியா வேலை பாக்க ஆரம்பிச்ச பிறகு நான் பண்ண ஒரே உருப்படியான மாத்தம், காலை ஏழுலேருந்து பதினொண்ணு வரைக்கும் எந்தக் கிளையன்ட் போனையும் எடுக்கறதில்ல, முன்னாடியே சொல்லிடுவேன், இதுவரைக்கும் இதுக்காக ஒருத்தர்கூட கோவிச்சுக்கிட்டுப் போகல.

மத்தியானம் மழை. அப்பத்தான் கான்ஃபரன்ஸ் பத்தி உக்காந்து யோசிச்சேன், ஏன்னா எதைப் பேசப் போறோம்னு தெரியணும்னா எதுக்குப் பேசப் போறோம்னு முதல்ல தெரியணும்.

2019-ல பைகான் இந்தியா, பைத்தான் ப்ரோக்ராமிங் மொழிக்கான கான்ஃபரன்ஸ், சென்னையில நடந்துச்சு, நந்தம்பாக்கம் ட்ரேட் சென்டர்ல. அதுதான் நான் முழுசா உக்காந்த முதல் பெரிய கான்ஃபரன்ஸ். முதல் நாள் ஒரு பேச்சு விடாம கேட்டு நோட்டுல பக்கம் பக்கமா எழுதினேன். அந்த நோட்டை அதுக்கப்புறம் ஒரு தடவகூட திறக்கல. ஆனா சாப்பாட்டு வரிசையில முன்னாடி நின்ன ஒருத்தர், நெட்வொர்க் வேலை பாக்கிறவர், தட்டைக் கையில வச்சுக்கிட்டே "உங்க பக்கத்தோட முதல் 14 கேபி-ல என்ன இருக்கு, எப்பவாவது பாத்திருக்கீங்களா"ன்னு கேட்டாரு. நான் பாத்ததே இல்ல. சாம்பார் ஆறிப் போற வரைக்கும் நின்னு விளக்கினாரு, அது இன்னைக்கு வரைக்கும் ஒரு சொல்லு விடாம ஞாபகம் இருக்கு.

அதுக்கப்புறம் போன இடத்துல எல்லாம் இந்த வித்தியாசத்தைக் கவனிச்சுக்கிட்டு வந்தேன். மேடையில பேசுறவங்க தூண்டுற உற்சாகம் திங்கக்கிழமை காலையில இருக்கறதில்ல. ஏற்கனவே கையில ஒரு வேலையோட, அதுல ஒரு இடத்துல முட்டிக்கிட்டு நிக்கிறப்போ போனா மட்டும், யாரோ சொல்ற ஒரு வரி அந்த இடத்துல போய் ஒட்டிக்குது. 2022-ல நான் நாலு நிகழ்ச்சிக்குப் போனேன், எல்லாமே வேலை செய்யறதுக்கு ஒரு மனசு வேணும்னு தேடிப் போனது. போற நாளும் வர்ற நாளும் சேத்தா பதினோரு நாள். அந்தப் பதினோரு நாளுக்கு பதினோரு ட்யூஷன் சென்டர் படி ஏறியிருக்கலாம்.

நம்ம துறையோட வரலாறும் இதைத்தான் காட்டுது. 1991 டிசம்பர்ல டெக்சாஸ் சான் அன்டோனியோவுல ஹைப்பர்டெக்ஸ்ட் மாநாடு, டிம் பெர்னர்ஸ்-லீ அனுப்பின கட்டுரையை எடுத்துக்கல, டெமோ காட்டத்தான் இடம் கொடுத்தாங்க, அந்த டெமோதான் இன்னைக்கு நாம சோறு சாப்பிடற வெப். 2009-ல பெர்லின்ல ஜேஎஸ்கான்ஃப்ங்கிற ஜாவாஸ்க்ரிப்ட் மாநாட்டுல ரையன் டால், அந்த மொழியை சர்வர்ல ஓட வைக்கிற நோட் ஜேஎஸ்ஸைக் காட்டினாரு. அதே மேடையில 2018-ல வந்து நின்னு, நோட்ல நான் செஞ்ச பத்து விஷயத்துக்காக வருத்தப்படறேன்னு ஒண்ணொண்ணா சொல்லிட்டு, அதே வேலையைச் செய்யற புது சாமான் டீனோவை அறிவிச்சாரு. 2013-ல ஃபேஸ்புக் ரியாக்ட்ங்கிற வெப் பக்கம் கட்டற சாமானை வெளியிட்டப்போ, ஜாவாஸ்க்ரிப்டுக்குள்ள ஹெச்டிஎம்எல் (பக்கத்தோட அமைப்பை எழுதற மொழி) மாதிரி எழுதறதைப் பாத்து நிறைய பேர் முகம் சுளிச்சாங்க. இந்த எல்லாத்துலயும் மேடைக்கு வந்தவங்க கையில ஓடுற ஒரு சாமான் இருந்துச்சு. அது இருந்ததாலதான் கட்டுரையைத் திருப்பி அனுப்பினாலும், பாத்தவங்க முகம் சுளிச்சாலும் அவங்களால அடுத்த நாள் வேலையைத் தொடர முடிஞ்சுது.

என் கையில என்ன இருக்கு? இதை நோட்டுல எழுதி வச்சுட்டு ராத்திரி சப்பாத்தி குருமா சாப்பிட்டுப் படுத்துட்டேன். சுருக்கம் இன்னும் காலி.

மூணாம் நாள், சனி

இன்னைக்கு நடந்ததை விரிவாவே எழுதணும்.

சூரிய ஆய்வுக்கூடத்துக்கு நடந்தே ஏறினேன். 2,343 மீட்டர் உயரம், கடைசி ஏத்தத்துல மூச்சு வாங்குது, ரெண்டு பக்கமும் மரம், பாதி வழியிலயே மேகம் இறங்கி ரோடு தெரியல. இந்த இடம் உண்டான கதையே நம்ம பஞ்சத்துலேருந்து வருது. தாது வருஷப் பஞ்சம், 1876-லேருந்து 78, மழை பொய்ச்சு சென்னை மாகாணத்துல லட்சக்கணக்குல ஜனம் செத்துச்சு. மழையோட போக்கைப் புரிஞ்சுக்கணும்னா சூரியனைத் தொடர்ந்து கவனிக்கணும்னு அதுக்கப்புறம் பேச்சு வந்து, சூரியனுக்குன்னே ஒரு ஆய்வுக்கூடம் வேணும்னு 1893-ல முடிவாச்சு, 1899-ல இங்க தொடங்கினாங்க. மெட்ராஸ்ல 18-ம் நூற்றாண்டுலேருந்து இருந்த வான ஆய்வுக்கூடத்தோட வேலை இந்த மலைக்கு மாறுச்சு. இப்ப இந்திய வான் இயற்பியல் நிறுவனம் நடத்துது.

மழையைத் தேடி ஆரம்பிச்ச இடத்துல கிடைச்ச பெரிய கண்டுபிடிப்பு வேற. 1909 ஜனவரியில ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளியோட ஒளியை நிறம் நிறமாப் பிரிச்சுப் பாத்தாரு. கோடுகள் இருக்க வேண்டிய இடத்துலேருந்து கொஞ்சம் நகந்திருந்துச்சு. அதை வச்சு, புள்ளியோட நடுவுலேருந்து வெளிப்பக்கமா வாயு ஓடுதுன்னு கண்டுபிடிச்சாரு. எவர்ஷெட் விளைவுன்னு உலகம் முழுக்க அதுக்குப் பேர். புத்தகத்துல எல்லாம் இதைத்தான் பெருசா சொல்லுவாங்க.

எனக்கு மனசுல நின்னது இன்னொண்ணு. 1904-லேருந்து இங்க சூரியனைப் படம் எடுத்துக்கிட்டிருக்காங்க, தினமும். ஆரம்பத்துல கண்ணாடித் தட்டுல, அப்புறம் ஃபிலிம், இப்ப கேமரா. நூறு வருஷத்துக்கும் மேல, ரெண்டு உலகப் போர், சுதந்திரம், எல்லாத்துக்கும் நடுவுல யாரோ ஒருத்தர் காலையில எழுந்து குவிமாடத்தைத் திறந்திருக்காங்க. அந்தப் பழைய தட்டுகளை எல்லாம் டிஜிட்டல் ஆக்கிட்டாங்க, சூரியனோட 11 வருஷச் சுழற்சியைப் படிக்கிறவங்களுக்கு இப்ப அது பெரிய சொத்து. 1904-ல அந்தத் தட்டைக் கழுவி காய வச்சவருக்கு கம்ப்யூட்டர்னா என்னன்னே தெரியாது.

மியூசியத்துல சூரியனோட நேரடி பிம்பத்தைக் காட்டுவாங்கன்னு ஆசையா வந்தேன். மேகம். ஒண்ணும் தெரியல. அங்க இருந்த ஊழியர்கிட்ட "இன்னைக்கு படம் எடுக்க மாட்டீங்களா சார்"னு கேட்டேன். "மேகம் விலகினா எடுப்போம். இல்லேன்னா மேகம்னு குறிச்சு வச்சுட்டு நாளைக்கு எடுப்போம்"னு ரொம்ப சாதாரணமா சொல்லிட்டு அடுத்து வந்த ஸ்கூல் பசங்களுக்கு விளக்கப் போயிட்டாரு.

நான் அங்கேயே கொஞ்ச நேரம் உக்காந்துட்டேன்.

ஏன்னா என்கிட்ட ஒரு பச்சைக் கட்டம் இருக்கு. கிட்ஹப், ப்ரோக்ராம் எழுதறவங்க அதை ஏத்தி வைக்கிற தளம், தெரிஞ்சவங்களுக்குப் புரியும், ப்ரோக்ராம் எழுதி ஏத்தின நாளெல்லாம் பச்சையா ஒரு கட்டம் நிரம்பும், வருஷம் முழுக்க ஒரு பாய் மாதிரி தெரியும். எத்தனை நாள் விடாம ஏத்தினோம்னு காட்டுற எண்ணை கிட்ஹப்பே 2016-ல எடுத்துருச்சு, ஆனா நான் தனியா நோட்டுல எண்ணிக்கிட்டு வந்தேன். 143 நாள். அப்பாவுக்கு ஆஸ்பத்திரியில ஆபரேஷன் நடந்த அன்னைக்குக்கூட வராண்டாவுல உக்காந்து போன்ல ஒரு கமா மாத்தி ஏத்தினேன். 144-வது நாள் காய்ச்சல்ல விட்டுப் போச்சு. அதுக்கப்புறம் மூணு மாசம் என் சொந்த வேலை எதையுமே தொடல. ஒரு கட்டம் காலியானதும் மொத்தமும் வீணாப் போன மாதிரி ஒரு கசப்பு, அந்தக் கசப்போட லேப்டாப்பைத் திறக்கவே பிடிக்கல.

இங்க நூறு வருஷப் பதிவுல எத்தனை மழைக்காலம் போயிருக்கும், ஐப்பசி கார்த்திகையில எல்லாம் வாரக்கணக்குல வெளிச்சமே வந்திருக்காது. அந்த ஓட்டைகளோடதான் அது உலகத்துலயே மதிப்பான பதிவுகள்ல ஒண்ணா இருக்கு. காலியா இருக்கிற நாளுக்கு ஏன் காலின்னு தெரிஞ்சா அதுவும் ஒரு தகவல். ஒரு கமாவை மாத்தி பச்சை ஆக்கின என்னோட அந்த ஆஸ்பத்திரி நாள்தான் பொய்ப் பதிவு. அன்னைக்கு நான் அப்பா பக்கத்துல உக்காந்திருந்திருக்கணும்.

இறங்கி வந்து நோட்டுல புதுப் பக்கம் போட்டேன். தேதி, அன்னைக்கு என்ன செஞ்சேன், ஒரு வரி. செய்ய முடியாத நாளுக்கு "மேகம்", பக்கத்துல காரணம். எண்ணிக்கை கிடையாது.

சாயங்காலம் கொண்டு வந்த புத்தகம் ஒண்ணை எடுத்தேன். வெளிநாட்டு நிறுவனர் ஒருத்தரோட கதை. மூணாவது அத்தியாயத்துல கடன், நாலாவதுல வெற்றி, நடுவுல இருந்த வருஷமெல்லாம் ஒரு பாராவுல முடிஞ்சு போச்சு. நான் 31 புத்தகம் படிச்சும் ஏமாந்தது இந்தப் பாராவுலதான்னு நினைக்கிறேன். நம்ம பக்கத்துக் கதையையே எடுத்துக்குங்க. ஸோஹோ 1996-ல அட்வென்ட்நெட்னு ஆரம்பிச்சப்போ வித்தது நெட்வொர்க் மேனேஜ்மெண்ட் சாஃப்ட்வேர், ஸோஹோ ரைட்டர் வந்தது 2005-ல, கம்பெனி பேரையே ஸோஹோன்னு மாத்தினது 2009-ல. 1996-க்கும் 2005-க்கும் நடுவுல இருக்கிறது ஒன்பது வருஷம். வாடிக்கையாளர் புகாரைக் கவனிக்கிற சாஃப்ட்வேர் விக்கிற ஃப்ரெஷ்வொர்க்ஸை பாருங்க, போட்டிக் கம்பெனி விலையை ஏத்தினதைப் பத்தி இணையத்துல ஒருத்தர் எழுதின கருத்தைப் படிச்சு கிரிஷ் மாத்ருபூதம் 2010-ல ஆரம்பிச்சாருன்னு எல்லாரும் சொல்லுவாங்க, 2021 செப்டம்பர்ல நாஸ்டாக்ல பட்டியல் ஆச்சுன்னும் சொல்லுவாங்க. ஆனா அந்தக் கருத்தை அன்னைக்கு ஆயிரம் பேர் படிச்சிருப்பாங்க. அவருக்கு மட்டும் அது பிடிபட்டதுக்குக் காரணம், அதுக்கு முன்னாடி பல வருஷம் ஸோஹோவுல அதே மாதிரி சாமானைச் செஞ்சு வித்துக்கிட்டிருந்ததுதான்னு எனக்குத் தோணுது. அந்த வருஷங்களைப் புத்தகத்துல எழுதினா யாரும் படிக்க மாட்டாங்க, தட்டு கழுவி காய வச்ச கதை மாதிரி.

நாளைக்கு பூம்பாறை.

நாலாம் நாள், ஞாயிறு

காலையில மன்னவனூர் பஸ். கூட்டம், பாதி பேர் கொடைக்கானல் சந்தையில வாங்கின மூட்டையோட. யூக்கலிப்டஸ், பைன் எல்லாம் தாண்டி ஒரு வளைவுல திடீர்னு பூம்பாறை தெரியுது, படி படியா வயல், நடுவுல ஓட்டு வீடும் தகர வீடும் நெருக்கமா, குழந்தை வேலப்பர் கோயில். கேரட், பீன்ஸ், உருளை, பூண்டு. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல புவிசார் குறியீடு கிடைச்சுது, பல்லு சின்னது, காரம் ஜாஸ்தி.

தங்கினது ஒரு குடும்பம் நடத்துற ஹோம்ஸ்டே, மாடியில ரெண்டு ரூம். அடுப்படி பரண்ல பூண்டுக் கத்தை கத்தையா தொங்குது, புகை பட்டா கெடாதாம். சாப்பிடும்போது அந்த அக்கா கேட்டாங்க, "தம்பி கம்ப்யூட்டர் வேலைன்னீங்கள்ல, இதைக் கொஞ்சம் பாருங்களேன். வெளியூர்ல இருந்து கூப்பிடறவங்க எல்லாம் உங்க பக்கம் திறக்கவே மாட்டேங்குதுன்றாங்க. எனக்கும் திறக்க மாட்டேங்குது."

பாத்தேன். யாரோ நல்ல மனசோட செஞ்சு கொடுத்த பக்கம்தான். பெரிய பெரிய போட்டோ ஆறு தானா நகருது, மேப், ரெண்டு எழுத்துரு, மேல ஏதேதோ ஸ்க்ரிப்ட். மொத்தம் 6 எம்பி. அந்த அக்கா போன்ல, அந்த ஊர் சிக்னல்ல, போன் நம்பர் கண்ணுக்குத் தெரியறதுக்கு 50 செகண்டுக்கு மேல ஆச்சு. நான் சென்னையில ஃபைபர் லைன்ல செஞ்ச பக்கமெல்லாம் ஞாபகம் வந்துச்சு, அதையெல்லாம் இங்க திறந்து பாத்திருந்தேனா?

அப்ப அந்த சாப்பாட்டு வரிசை ஆள் சொன்னது வந்துச்சு. சர்வர் முதல் தடவ பதில் அனுப்பும்போது மொத்தத்தையும் அனுப்பாது, பாக்கெட்னு சின்னத் துண்டா வெட்டி, பத்து பாக்கெட் அனுப்பிட்டு வந்துச்சான்னு காத்திருக்கும். ஒரு பாக்கெட்ல 1,460 பைட்னு வச்சா 14,600. 2013-ல வந்த விதி இது. அந்த 14 கேபிக்குள்ள விஷயம் அடங்கிட்டா ஒரே போக்குவரத்துல முடிஞ்சுது. தாண்டினா இன்னொரு தடவ போய் வரணும். ஊர்ல ஒரு போக்குவரத்து கண் சிமிட்டற நேரம், இந்த மலையில நான் அளந்து பாத்தப்போ அரை செகண்டுக்கு மேல.

மொட்டை மாடியில லேப்டாப்போட உக்காந்தேன். ஒரே ஒரு ஹெச்டிஎம்எல் ஃபைல். மேல பேர், போன் நம்பர், ரூம் வாடகை, சாப்பாடு என்ன கிடைக்கும், கொடைக்கானல்ல இருந்து எந்த பஸ், எத்தனை மணிக்கு, குளிருக்கு என்ன கொண்டு வரணும். ஸ்க்ரிப்ட் ஒண்ணும் இல்ல. போட்டோ ஒண்ணே ஒண்ணு, கீழ, எழுத்தெல்லாம் வந்த பிறகுதான் இறங்கும். தமிழ்ல எழுதறப்போ ஒரு சிக்கல் இருக்கு. யூடிஎஃப்-8-ங்கிற, எழுத்தைக் கம்ப்யூட்டர்ல சேமிக்கிற முறையில தமிழ்க் குறி ஒவ்வொண்ணும் மூணு பைட். "பூம்பாறை"ங்கிற சொல்லுக்கு எட்டு குறி, 24 பைட். அதே பேரு இங்கிலீஷ்ல ஒன்பது எழுத்து, ஒன்பது பைட். அதனால தமிழ்ப் பக்கம் கனமாத்தான் இருக்கும்னு நானே நம்பிக்கிட்டிருந்தேன். ஆனா அந்த மூணு பைட்ல முதல் பைட் எல்லாக் குறிக்கும் ஒரே மாதிரிதான், ரெண்டாவதுலயும் மாத்தம் ரொம்பக் கம்மி, அதனால ஜிஜிப்ங்கிற சுருக்கு முறையில போட்டா நல்லா சுருங்குது. அடிச்சு முடிச்சப்போ 17 கேபி, சுருக்கினா 5 கேபிக்கும் கீழ. நிஜமான கனம் எழுத்துருவுல இருந்துச்சு, பழைய பக்கம் அதுக்கு மட்டும் 180 கேபி இழுத்துச்சு. ஆண்ட்ராய்டு போன்லயே தமிழ் எழுத்துரு இருக்கு, அதையே காட்டுன்னு விட்டுட்டேன்.

நாலு மணி நேரம். ஒரு தடவகூட மணி பாக்கல.

அக்கா போன்ல திறந்தோம். ரெண்டு செகண்ட் ஆச்சு. "அட, நம்பர் வந்துருச்சே"ன்னு அவங்க சொன்னப்போ ட்யூஷன் சாஃப்ட்வேர் ஓட்டின 14 மாசமும் கிடைக்காத ஒரு சந்தோஷம். அண்ணன் வயல்லேருந்து வந்து பாத்துட்டு "எவ்வளவு தம்பி ஆச்சு"ன்னாரு. விலை எப்படி வைக்கணும்னு மட்டும் மூணு புத்தகம் படிச்சிருக்கேன், ஆனா அந்த நேரத்துல தோணினது நேரா செலவுக் கணக்குதான். டொமைன் வருஷத்துக்கு இவ்வளவு, மாத்தம் சொன்னா நான் மாத்தித் தரணும், எல்லாம் சேத்து வருஷம் 1,500 ரூபாய் கொடுங்கண்ணேன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சாரு. "சரி. பஸ் நேரம் மாறினா உடனே மாத்திரணும். அதைப் பாத்துட்டுத்தான் ஜனம் வரும்." அவர் வச்ச ஒரே நிபந்தனை அதுதான். நாங்க ட்யூஷன் சாமானுக்கு எழுதின நிபந்தனை ஒன்பது பக்கம்.

ராத்திரி குளிர்ல கை விறைச்சுது. சுருக்கம் ஒரே மூச்சுல வந்துச்சு. தமிழ்ப் பக்கம் 14 கேபிக்குள்ள அடங்குமா, பூம்பாறையில அளந்து பாத்த கணக்கு. 290 சொல்லு.

அஞ்சாம் நாள், திங்கள்

குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்குப் போய்ட்டு இறங்கணும்னு நினைச்சிருந்தேன், பஸ் லேட் ஆனதால முடியல. 2018-ல குறிஞ்சி பூத்தப்போ பழைய கம்பெனி ஆட்களோட வந்து அங்க நின்னிருக்கோம், கீழ பழனி தெரிஞ்சுது. அடுத்து 2030.

பூம்பாறையில சிக்னல் வந்து வந்து போனதுல சுருக்கம் போகவே இல்ல. இறங்கற பஸ்ல முழுக்க அதே கவலை. வத்தலக்குண்டுல பஸ் மாறுறப்போ டீக்கடை பெஞ்சுல உக்காந்து அனுப்பினேன், போயிருச்சு. எடுத்துக்கறாங்களோ இல்லையோ, பக்கம் ஓடிக்கிட்டிருக்கு. மலைவாழை ஒரு சீப்பு வாங்கினேன், அண்ணன் கட்டிக் கொடுத்த பூண்டு வாசனை பையெல்லாம் ஏறிருச்சு. புத்தகம் மூணுல ஒண்ணு பாதி, ரெண்டு தொடவே இல்ல. ஒண்ணுல மட்டும் வாடிக்கையாளர்கிட்ட மாத்திக் கொடுக்கிற வேலைக்குக் கூலி எப்படி வாங்கறதுன்னு ஒரு அத்தியாயம் இருக்கு, அதை இப்ப படிக்கணும், இப்ப எனக்கு அதுல கேக்கறதுக்கு கேள்வி இருக்கு.

கொடை ரோடு ப்ளாட்ஃபார்ம்ல ட்ரெயினுக்கு இன்னும் நேரம் கிடந்துச்சு. போன் அடிச்சுது, பூம்பாறை அக்கா.

"தம்பி, சாயங்கால பஸ்ஸு அரை மணி நேரம் தள்ளிப் போட்டுட்டாங்களாம். அண்ணன் சொல்லச் சொன்னாரு."

"இருங்கக்கா, ரெண்டு நிமிஷம்."

பெஞ்சுல லேப்டாப்பைத் திறந்து ஒரு வரியை மாத்தி ஏத்தினேன். "இப்ப பாருங்கக்கா."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்ல, கோழி கத்துறது மட்டும் கேட்டுச்சு.

"வந்துருச்சு தம்பி."